30,000 ரூபாயில கார்புரேட்டர் 800-ஐ எம்பிஎஃப்ஐ ஆக்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க ஊர் போடி. அப்பா 1997ல வாங்குன மாருதி 800 இருக்கு, கார்புரேட்டர் மாடல். வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்கணும். கீழ ரோட்டுல ஆக்சிலேட்டர் குடுத்தா திக்கித் திக்கி போகுதுன்னு போன வருஷம் மெக்கானிக் மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை) பெருசா மாத்திக் குடுத்தாரு. கீழ சரியாயிருச்சு. ஆனா போடிமெட்டு ஏறுனா கரும்புகை, ஐடிலிங்ல ஆஃப் ஆயிருது, பிளக் எல்லாம் கரி. பேசாம இன்ஜெக்‌ஷன் ஆக்கிரலாம்னு பாக்குறேன் (எம்பிஎஃப்ஐங்குறாங்களே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா பெட்ரோல் பீச்சுறது, அது), கையில 30,000 இருக்கு. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல பார்ட் பார்ட்டா வாங்கலாமா, இல்ல பைக் இன்ஜெக்டரும் ஆர்டுயினோ ஈசியூவும் (பெட்ரோல் அளவைக் கணக்கு போடுற கம்ப்யூட்டர் பெட்டி) போட்டுக்கலாமா? இங்க ஒருத்தர் எலக்ட்ரிக் பம்ப் மட்டும் மாட்டுனாலே போதும்ங்குறாரு. ஆர்டிஓ பிரச்சனை வேற வருமான்னு பயமா இருக்கு.

பதில்: வணக்கம் தம்பி. மொதல்ல அந்த எலக்ட்ரிக் பம்ப் விஷயத்தை முடிச்சுருவோம், ஏன்னா அது ஆபத்து. உங்க கார்புரேட்டருக்கு மெக்கானிக்கல் பம்ப் குடுக்குற பிரஷர் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுதான், இன்ஜெக்‌ஷன் பம்ப் தர்றது ரெண்டரைலருந்து மூணு கிலோ. இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கொண்டுவந்து கார்புரேட்டர்ல சொருகுனா பெட்ரோலை நிறுத்துற நீடில் வால்வு தாங்காது, ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) ரொம்பி வழிஞ்சு பெட்ரோல் சூடான என்ஜின் மேலயே கொட்டும். தீப்பிடிக்க வேற ஒண்ணும் வேண்டாம். கம்மி பிரஷர் எலக்ட்ரிக் பம்ப்னு கார்புரேட்டருக்கே தனியா வருது, அதை மாட்டலாம்தான், ஆனா அதனால உங்க கரும்புகை ஒரு துளி கூட குறையாது. பெட்ரோல் பத்தலைங்குறது உங்க பிரச்சனை இல்ல, மேல போனா ஜாஸ்தியா போறதுதான் பிரச்சனை.

ஏன் ஜாஸ்தியாகுதுன்னு கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா செலவு பண்ணலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுறதே இதை வச்சுத்தான். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரியணும்னா 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ காத்தே போதும், ரெண்டும் கலந்தா கணக்கு பதிமூணரை பக்கம் வந்துரும். அதாவது அதே அளவு காத்துக்கு இப்ப 7, 8 சதவீதம் கூடுதலா பெட்ரோல் வேணும், ஆனா உங்க வண்டி ஜெட் 1997 பெட்ரோலுக்குத் துளை போட்டது, அப்பல்லாம் எத்தனாலே கிடையாது. அதனாலதான் கீழ ரோட்டுல மிக்ஸ்சர் லீனாகி (பெட்ரோல் கம்மியாகி) திக்கியிருக்கும்னு நினைக்கிறேன். உங்க மெக்கானிக் ஜெட்டைப் பெருசாக்குனாரு, தரைக்கு அது சரியான வைத்தியம்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போறீங்கல்ல, 1500 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட 13, 14 சதவீதம் கம்மி. கார்புரேட்டருக்கு இது தெரியாது, காத்து லேசானாலும் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது, அதனால எந்த சாதா கார்புரேட்டரா இருந்தாலும் அந்த உயரத்துல ஏழெட்டு சதவீதம் ரிச்சாத்தான் (பெட்ரோல் ஜாஸ்தியாத்தான்) ஓடும். பழைய ஜெட்டு இருந்திருந்தா மலை மேல அந்த ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுட்டு நல்லா ஓடியிருக்கும், கீழதான் மக்கர் பண்ணியிருக்கும். இப்ப அப்படியே தலைகீழ். ஒரே ஜெட்டை வச்சுக்கிட்டு போடிக்கும் பூப்பாறைக்கும் சேத்து டியூன் பண்ணவே முடியாது, எவ்வளவு பெரிய கார்புரேட்டர் ஆளா இருந்தாலும் நடுவுல ஒரு இடத்துக்குத்தான் வைக்க முடியும்.

அதனால உங்க கேஸ்ல இன்ஜெக்‌ஷன் கேக்குறதுல நியாயம் இருக்கு. ஊருக்குள்ள மட்டும் ஓட்டுறவர் கேட்டிருந்தா நல்ல கார்புரேட்டர் கிட் போட்டு, டியூன் பண்ணி, மிச்சக் காசுக்கு டயர் வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன். இன்ஜெக்‌ஷன்ல மேப் சென்சார் இருக்கு, அது மேனிஃபோல்டு (என்ஜினுக்குக் காத்து போற குழாய்) பிரஷரைப் பாத்து காத்து எவ்வளவு வருதுன்னு கணக்கு போட்டுரும், மலை ஏறுனா தானா பெட்ரோலைக் குறைக்கும். சைலன்சர் பைப்ல இருக்குற ஆக்சிஜன் சென்சார் எரிஞ்சு வந்த புகையைப் பாத்து, லீனா இருந்தா கூட்டு, ரிச்சா இருந்தா குறைன்னு நொடிக்கு நொடி சொல்லிக்கிட்டே இருக்கும். எத்தனால் கலந்த 7, 8 சதவீத வித்தியாசம் அதுக்குள்ளயே அடங்கிரும்.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாறாதீங்க. பவர் ஏறாது. கார்புரேட்டர் 800க்கும் 37 ஹெச்பி, பின்னாடி வந்த 6 வால்வு எம்பிஎஃப்ஐ 800க்கும் அதே 37தான். மேல காத்து 14 சதவீதம் கம்மின்னா இழுவையும் அந்த அளவு கம்மியாத்தான் இருக்கும், அதை எந்த ஈசியூவும் திருப்பித் தராது. கிடைக்கிறது என்னன்னா கரும்புகை போகும், ஐடிலிங்ல ஆஃப் ஆகாம நிக்கும், காலைல குளிர்ல சோக் இழுக்காம ஸ்டார்ட் ஆகும், பிளக் சுத்தமா இருக்கும், மேல ஏறுறப்ப வீணாப் போற பெட்ரோல் மிச்சமாகும். இது போதும்னா மேல படிங்க.

காசைத் தொடுறதுக்கு முன்னாடி என்ஜின் எப்படி இருக்குன்னு பாக்கணும். மூணு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் எடுங்க, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருந்தா மொதல்ல அதைப் பாருங்க, வால்வு உக்காராத என்ஜின்ல எம்பிஎஃப்ஐ போட்டா பழைய வியாதி அப்படியேதான் இருக்கும், கூட செக் என்ஜின் லைட்டும் எரியும். சோக் முழுசா திறக்குதா, ஃப்ளோட் லெவல் சரியா, மெக்கானிக்கல் பம்ப் டயாஃப்ரம் ஓட்டையாகி ஆயில்ல பெட்ரோல் கலக்குதான்னு (டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும்) இதெல்லாம் அரை நாள் வேலைதான். அதுல ஏதாச்சும் சிக்கி கரும்புகை பாதி குறைஞ்சுட்டா உங்க 30,000ம் பத்திரமா இருக்கும்.

இப்ப புதுப்பேட்டை. தம்பி, பார்ட் பார்ட்டா வாங்கவே வாங்காதீங்க, இந்தப் பதில்ல ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிறதுன்னா இதை வச்சுக்கங்க. இன்ஜெக்டர் ஒரு கடை, ஈசியூ இன்னொரு கடை, சென்சார் வேற மாடல்னு சேத்தா ஒவ்வொண்ணும் மலிவாத்தான் தெரியும், கடைசில ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது, எது தப்புன்னு தேடுறதுக்குக் குடுக்குற எலக்ட்ரீஷியன் கூலியிலயே பட்ஜெட் முடிஞ்சிரும். பட்ஜெட் பத்தாம பாதில நிக்கிற வண்டிங்க எல்லாம் அனேகமா இந்த ஒரு காரணத்தாலதான் நிக்குது. ஒரே வண்டி, ஓடுற நிலைல இருந்து உடைக்க வந்தது, அதுலருந்து மொத்த செட்டையும் எடுக்கணும். முடிஞ்சா பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, இல்லைன்னாலும் வண்டி பிரிக்கிற இடத்துக்கே போய் நின்னு எடுங்க. அடிபட்டு டோட்டல் லாஸ் ஆன வண்டிதான் இதுக்கு நல்லது, ஓடிக்கிட்டு இருந்தப்ப அடிபட்டதுன்னா உள்ள இருக்குற ஐட்டம் வேலை செஞ்சுட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். தண்ணில முங்குன வண்டியா இருந்தா சும்மா குடுத்தாலும் வேண்டாம், கனெக்டருக்குள்ள பச்சையாப் பூத்திருந்தா அது மழை வெள்ளத்துல நின்ன வண்டி.

எம்பிஎஃப்ஐ 800லயே ரெண்டு விதம் வந்துச்சு, இதுலயும் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 2000 வாக்குல வந்தது 12 வால்வு ஹெட்டு, 45 ஹெச்பி, அஞ்சு கியர். அதோட மேனிஃபோல்டு உங்க 6 வால்வு ஹெட்டுல உக்காராது, போர்ட்டே (காத்து போற ஓட்டை) வேற. உங்களுக்கு வேண்டியது 6 வால்வு எம்பிஎஃப்ஐ, 800லயும் வந்துச்சு, ஆம்னிலயும் வந்துச்சு. கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்லுவாரு, நீங்க அவர் வாயை நம்பாம உங்க இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஒண்ணு புதுசா வாங்கி சட்டைப் பைல வச்சுட்டுப் போங்க, அந்த மேனிஃபோல்டு மேல வச்சுப் பாருங்க, போல்ட் ஓட்டையும் போர்ட்டும் நேருக்கு நேரா வந்தா மட்டும் பேரம் பேசுங்க.

செட்டுன்னா என்னென்னன்னு சொல்றேன். மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி அதுல இருக்குற டிபிஎஸ்ஸோட (ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்) ஐடில் வால்வோட, இன்ஜெக்டர் ரெயிலோட, பிரஷர் ரெகுலேட்டர், மேப் சென்சார், காத்து டெம்பரேச்சர், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், ஈசியூ, மெயின் ரிலே, பம்ப் ரிலே, ஏர் ஃபில்டர் பாக்ஸ், ஆக்சிலேட்டர் கேபிள். இதுல ஒண்ணை எல்லாரும் மறந்துருவாங்க, இக்னிஷன். எம்பிஎஃப்ஐல பெட்ரோல் மட்டும் இல்ல, ஸ்பார்க் எப்ப விழணும்னும் ஈசியூதான் சொல்லுது, அதுக்கு என்ஜின் எந்த ஆங்கிள்ல நிக்குதுன்னு சிக்னல் வேணும். உங்க பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கம்ல அட்வான்ஸ் ஆகுறது (ஸ்பார்க்கை முன்னாடி தள்ளுறது), அது அந்த சிக்னலைத் தராது. அதனால அந்த வண்டில சிக்னல் எங்கிருந்து வருதோ அந்த ஐட்டம், அது உக்காந்திருக்குற பிராக்கெட், பல் சக்கரம் இருந்தா அதுவும், காயில், எல்லாம் சேத்துத்தான் வரணும். சிக்னல் இல்லைன்னா சாவி போட்டதும் ஓடுற ரெண்டு மூணு செகண்டுக்கு மேல ஈசியூ பம்ப்பை ஓட்டாது, நீங்க பம்ப் போச்சுன்னு நினைச்சு புதுப் பம்ப் வாங்குவீங்க.

வயரிங்ல ஒரு வயரைக் கூட வெட்ட விடாதீங்க. காயலாங்கடையில கட்டிங் பிளேயரை வச்சு கனெக்டர் பக்கத்துலயே நறுக்கி எடுத்துருவாங்க, அவங்களுக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பத்து நாள் வேலை. டேஷ்போர்டுக்கு அடியிலருந்து பொறுமையா உருவி எடுக்கச் சொல்லுங்க, அதுக்கு 500, 1000 கூடக் கேட்டா மறுபேச்சு பேசாம குடுத்துருங்க. எர்த் வயர் எந்தெந்த போல்ட்ல இறுக்கியிருந்துச்சுன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே போன்ல போட்டோ எடுத்துக்கங்க, உங்க வண்டில அதே இடத்துல பெயின்ட் சுரண்டி இறுக்கணும், பழைய வண்டில எம்பிஎஃப்ஐ போட்டு அப்பப்ப இருமுறதுக்கு பாதி காரணம் எர்த்துதான். செக் என்ஜின் லைட் வயரையும் டயக்னோஸ்டிக் கனெக்டரையும் கண்டிப்பா மாட்டுங்க, அது இல்லாம நாளைக்கு ஏதாச்சும்னா கண்ணைக் கட்டிக்கிட்டு தேடணும். ஈசியூல ஐகேட்ஸ் மாதிரி இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லைன்னா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) இருக்கான்னு விசாரிங்க, இருந்தா அந்தச் சாவியும் பாக்ஸும் சேந்து வரணும், சாவி தொலைஞ்ச ஈசியூவை வாங்காதீங்க.

பழசு வாங்கக் கூடாத ஐட்டம்னு சில இருக்கு. பம்ப், ஃபில்டர், பெட்ரோல் ஹோஸ், கிளாம்ப், இன்ஜெக்டர் ஓ-ரிங், ஆக்சிஜன் சென்சார். இதெல்லாம் புதுசுதான். இன்ஜெக்டரை மதுரைல இன்ஜெக்டர் கிளீனிங் மெஷின் இருக்குற கடையில குடுத்து மூணும் ஒரே அளவு பெட்ரோல் விடுதான்னு பாத்து வாங்குங்க, ஒண்ணு கம்மியா விட்டா மூணு சிலிண்டர் என்ஜின்ல நடுக்கம் அப்பட்டமா தெரியும். ஹோஸ் விஷயத்துல தயவுசெஞ்சு பத்து ரூபா மிச்சம் பாக்காதீங்க தம்பி. கார்புரேட்டருக்கு வர்ற சாதா ரப்பர் ஹோஸ் மூணு கிலோ பிரஷர்ல வருஷக்கணக்கா நிக்கிறதுக்கு செஞ்சது இல்ல, அதுவும் பழைய ரப்பர் எத்தனால்ல ஊறி உப்பி வெடிச்சிரும். ஹோஸ் மேலயே எஸ்ஏஇ 30ஆர்9னு அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. கிளாம்ப்பும் ஸ்குரூ பல்லு ஹோஸை வெட்டுற சாதாரண ரகம் வேண்டாம், இன்ஜெக்‌ஷனுக்குன்னே விளிம்பு மடிச்ச வழவழப்பான கிளாம்ப் வருது. இதுல போற பெட்ரோல் சொட்டு சொட்டா ஒழுகாது, பீச்சி அடிக்கும், நீங்க குடும்பத்தோட மலை ஏறுற வண்டி இது.

பம்ப்புக்கு ரெண்டு வழி. எம்பிஎஃப்ஐ வண்டியோட டேங்க்கே பம்ப் உள்ள இருக்குறபடி கிடைச்சு, உங்க வண்டிக்கு அடியில வச்சுப் பாத்து மவுன்ட்டிங்கும் ஃபில்லர் பைப்பும் பொருந்துனா அதுதான் ரொம்ப நல்லது, சத்தம் இல்ல, சூடு இல்ல, வளைவுல பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குனாலும் ஓரளவு சமாளிக்கும். பொருந்தலைன்னா வெளிய மாட்டுற இன்லைன் பம்ப், அதை டேங்க் மட்டத்துக்குக் கீழ மாட்டணும், ஏன்னா அது தள்ளும், இழுக்காது. பம்ப்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர், பின்னாடி ஒரு ஃபில்டர். கொண்டை ஊசில டேங்க் கால்வாசிக்குக் கீழ இருந்தா இன்லைன் பம்ப் காத்து இழுத்து கட் ஆகும், அதனால மலைக்குப் போறப்ப பாதி டேங்க்குக்குக் குறையாம வச்சுக்கங்க. 1997 டேங்க்ல உள்ள துரு கண்டிப்பா இருக்கும், கழட்டி சுத்தம் பண்ணாம புது பம்ப்பை மாட்டாதீங்க. காலி டேங்க்தானேன்னு யாராச்சும் வெல்டிங் வைக்க வந்தா கிட்டயே விடாதீங்க, காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் வெடிக்கும். ரெகுலேட்டர்லருந்து திரும்பி வர்ற ரிட்டர்ன் லைன் ஃப்ரீயா டேங்க்குக்குள்ள போகணும், அடைச்சுருந்தா பிரஷர் ஏறி மறுபடி கரும்புகைதான். கழட்டுன மெக்கானிக்கல் பம்ப் இருந்த ஓட்டைக்கு லேத்துல ஒரு பிளேட் செஞ்சு கேஸ்கெட் வச்சு மூடிருங்க.

ஆக்சிஜன் சென்சாருக்கு மூணு சிலிண்டர் புகையும் ஒண்ணா சேர்ற இடத்துக்கு அப்புறம் ஒரு நட்டு வெல்ட் வைக்கணும், சென்சார் முனை கீழ பாத்து சாஞ்ச மாதிரி, இல்லைன்னா காலைல சைலன்சர்ல சேர்ற தண்ணி அதுல நின்னு சென்சாரைக் கெடுத்துரும்.

பைக் இன்ஜெக்டர், ஆர்டுயினோ விஷயம் கேட்டிருந்தீங்க. நாமளே செட் பண்ணிக்கிற ஈசியூங்கதான் ஸ்பீடுயினோ, மெகாஸ்குவிர்ட், ரெண்டும் நல்ல ஐட்டம், உலகம் பூரா ஆளுங்க பழைய வண்டில போட்டு ஓட்டுறாங்க, கேவலமா ஒண்ணும் சொல்ல மாட்டேன். கணக்கும் ஒத்துவரும், 37 ஹெச்பிக்கு மூணு இன்ஜெக்டர்னா ஒண்ணுக்கு நிமிஷத்துக்கு 80 சிசி சுமார் விட்டா போதும், பைக் இன்ஜெக்டர்ல அந்த அளவு தாராளமா கிடைக்கும், 2020ல பிஎஸ்6 புகை விதி வந்ததுலருந்து பழைய பைக் பார்ட்டும் நிறைய வருது. ஆனா ஈசியூ உள்ள வெறும் காலி கட்டம்தான் இருக்கும், எந்த ஆர்பிஎம்ல எந்த லோடுல எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு ஸ்பார்க் அட்வான்ஸ்னு ஒவ்வொரு கட்டமா நீங்க நிரப்பணும். அதுக்கு வைட்பேண்ட் சென்சார் (காத்து-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமா காட்டுற ஆக்சிஜன் சென்சார்), லேப்டாப், பக்கத்துல உக்காந்து பாக்க தெரிஞ்ச ஒரு ஆள், இதெல்லாம் வேணும். ஸ்பார்க் டைமிங் தப்பா போட்டு ஏத்தத்துல நாக் (தாறுமாறா எரிஞ்சு டொக்கு டொக்குன்னு தட்டுறது) அடிச்சா பிஸ்டன் போயிரும். உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ்ல ஆசை இருந்து, ஓட்டுறதுக்கு வேற வண்டியும் இருந்தா தாராளமா பண்ணுங்க, கூட இருந்து சொல்லித் தரேன். வாரா வாரம் தோட்டத்துக்குப் போயாகணும்ங்குற வண்டிக்கு, கம்பெனி ஏற்கனவே அந்தக் கட்டத்தை எல்லாம் நிரப்பிக் குடுத்த ஈசியூதான் என் ஓட்டு.

ஆர்டிஓ விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஆர்சில கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியா சொல்லிருச்சு. அதனாலதான் முழு என்ஜினையும் தூக்கி மாத்துற யோசனையை நான் சொல்லவே இல்ல, பிளாக் மாறுனா என்ஜின் நம்பர் மாறும், அனுமதி இல்லாம அது பெரிய சிக்கல், அடுத்த தடவை ஆர்சி ரினியூவல்ல நிக்கும், ஆக்சிடென்ட் கிளெய்ம்லயும் நிக்கும். நீங்க உங்க பிளாக்கையே வச்சுக்கிறதால நம்பர், சிசி, பெட்ரோல் எதுவும் மாறல. அப்படி இருந்தாலும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தேனி ஆர்டிஓ ஆபீஸ்ல மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர்கிட்ட நேரா கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு லெட்டர் குடுத்துருங்க. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க.

காசு எப்படிப் பிரிக்கிறதுன்னா, 30,000ல பாதிக்கு மேல செட்டுக்குப் போகக் கூடாது, மீதிப் பாதில முக்கால்வாசி புது பம்ப், ஹோஸ், சென்சார், இன்ஜெக்டர் கிளீனிங், எலக்ட்ரீஷியன் கூலி, மிச்சத்தைத் தொடாம வைங்க, ஏதோ ஒண்ணு கண்டிப்பா எதிர்பாராம வரும். 20,000 சொல்ற செட்டு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் விட்டுருங்க, வேற வரும், எம்பிஎஃப்ஐ 800 ரோட்டுல நிறைய ஓடுன வண்டி. பழைய கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூணையும் விக்காம துணில சுத்தி பரண்ல போடுங்க. ஏதாச்சும் ஒத்து வரலைன்னா ஒரு நாள்ல திருப்பி மாட்டிட்டு வண்டியை ஓட்டலாம், அவசரத்துல தப்பான முடிவு எடுக்க வேண்டியிருக்காது.

மாட்டி முடிச்சதும் சாவியை ஆன் பண்ணுனா பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ஓடி நிக்கணும், நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா ரிலேயை யாரோ நேரா இழுத்துக் குடுத்துருக்காங்கன்னு அர்த்தம், அப்படி விடவே விடாதீங்க, வண்டி கவிழ்ந்தாலும் பம்ப் பெட்ரோலை அடிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்டார்ட் பண்ணாமலே சாவியை நாலஞ்சு தடவை ஆன் ஆஃப் பண்ணி ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டிஷ்யூ பேப்பர் வச்சுத் தொடச்சுப் பாருங்க, பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்குஷர் வச்சுக்கிட்டு. நல்லா சூடாகி ஓடுனப்புறம் புகை டெஸ்ட் சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க வருஷத்து வண்டிக்கு ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் பாஸ், பிஎஸ்2, பிஎஸ்3 வண்டிக்கு அரை சதவீதம்தான் லிமிட். பாஸ் ஆச்சான்னு பாக்காதீங்க, அரைக்குப் பக்கத்துல நிக்குதான்னு பாருங்க, நின்னா உங்க எம்பிஎஃப்ஐ சரியா வேலை செய்யுது. ரெண்டு மூணுன்னு காட்டுனா ஆக்சிஜன் சென்சார், கூலன்ட் சென்சார், ரிட்டர்ன் லைன் இந்த மூணுல ஒண்ணுதான், அந்த வரிசைலயே பாருங்க.

செட்டு ஏதாச்சும் கண்ணுல பட்டா அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஈசியூ மேல இருக்குற ஸ்டிக்கர், அதோட கனெக்டர் வாய், கேஸ்கெட் வச்ச மேனிஃபோல்டு, மூணையும் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, பாத்துட்டு வாங்கலாமா வேண்டாமான்னு அன்னிக்கே சொல்லிடுறேன். கம்ப்ரஷன் ரீடிங்கையும் அதோட சேத்து எழுதுங்க.